மழைக்கு வழிவிடும் கூரை

புதுக் கார் பார்க்கப் போகிறவர்கள் மைலேஜுக்கு அடுத்தபடியாக இன்று கேட்பது ‘சன்ரூஃப் இருக்கா?’ என்பதைத்தான். ஒரு காலத்தில் வெளிநாட்டுச் சொகுசுக் கார்களில் மட்டும் இருந்த இந்தக் கூரை ஜன்னல், பத்து லட்ச ரூபாய்க்குள் கிடைக்கும் சின்னக் கார்களுக்கும் வந்துவிட்டது. திருக்கோவிலூர் மாதிரி ஊரில் வருடத்தின் பெரும்பகுதி வெயிலுக்குப் பயந்து அதன் திரையை இழுத்து மூடியே வைத்திருப்போம். அப்படி ஒன்று இருப்பதே ஐப்பசி அடைமழையில்தான் ஞாபகம் வரும். பிரேக்கில் கால் வைத்ததும் ரீடிங் லைட் ஓரமாக வழியும் தண்ணீர் மடியில் விழும்.

“கூரையில் ஓட்டை போட்டால் ஒழுகத்தானே செய்யும்?” என்பார் வீட்டுப் பெரியவர். “பீடிங் போயிடுச்சு சார், மாத்தணும்” என்பார் மெக்கானிக். கண்ணாடியைச் சுற்றி இருக்கும் ரப்பர் பட்டைக்குத்தான் ஒர்க்‌ஷாப்பில் பீடிங் என்று பெயர். இருவர் சொல்வதும் ஓரளவு சரி என்றாலும், பெரும்பாலான ஒழுகலுக்குக் காரணம் வேறு. அதைப் புரிந்துகொண்டால், வீட்டு வாசலிலேயே நூறு இருநூறு ரூபாய்ச் செலவில் வேலை முடிந்துவிடும்.

உள்ளே வரட்டும் என்று கட்டியது

சன்ரூஃபின் பீடிங் தண்ணீரை முழுக்கத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. பெருவாரியான நீரை அது மேலேயே வழியவிடும். ஓரங்களில் கொஞ்சம் உள்ளே கசியும். அந்தக் கசிவு வடிவமைப்பாளருக்குத் தெரியும். அதற்காகவே கண்ணாடிக்குக் கீழே, சட்டத்தை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதன் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு துளை. ஒவ்வொரு துளையிலிருந்தும் சுண்டுவிரலை விட ஒல்லியான ஒரு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குழாய் கிளம்பும். முன்பக்கக் குழாய்கள் இரண்டும் முன்கண்ணாடியின் இருபுறத் தூண்களுக்குள் இறங்கி, முன்கதவுக் கீல் அருகிலோ சக்கரத்துக்கு மேலுள்ள மறைவிலோ வெளியே திறக்கும். பின்பக்கக் குழாய்கள் பின்தூண்கள் வழியாக இறங்கிப் பின்சக்கரத்தையோ பம்பரையோ ஒட்டி முடியும்.

இந்த ஏற்பாடு நம் பழைய வீடுகளுக்குப் புதிதல்ல. திருக்கோவிலூர் என்றதும் வைணவர்களுக்கு நினைவு வருவது ஒரு மழை இரவு. பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பேயாழ்வாரும் ஒரு வீட்டின் இடைகழியில் மழைக்கு ஒதுங்கினார்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவே இருந்த இடம் அது. பழைய வீடுகளில் அப்படிப்பட்ட இடைகழியைத் தாண்டினால் முற்றம் வரும். கூரையில் பெரிய திறப்பு; கீழே தாழ்ந்த சதுரத் தளம்; மூலையில் தெருவுக்குப் போகும் ஒரு தூம்பு. அடைமழையில் முற்றத்தில் நீர் கொட்டும். ‘வீடு ஒழுகுகிறது’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தூம்பின் வாயில் சருகு அடைத்து, நீர் ஏறித் தாழ்வாரத்துக்கு வந்தால்தான் கூச்சல். சன்ரூஃபும் ஒரு முற்றம்தான். அதில் ‘ஒழுகல்’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் தூம்பு அடைப்பு.

ஒரு சொட்டுகூட நுழையாதபடி இறுக்கமாக மூடிவிட்டால் என்ன என்று தோன்றலாம். காலையில் 25 டிகிரியில் இருக்கும் கூரைத் தகடு மதிய வெயிலில் 65 டிகிரிக்குப் போனால், ஒரு மீட்டர் நீள எஃகு சுமார் அரை மில்லிமீட்டர் நீளும். கண்ணாடி அதை விடக் குறைவாக நீளும். குண்டும் குழியுமான சாலையில் கார் உடம்பே லேசாக முறுக்கிக்கொள்ளும். இத்தனைக்கும் நடுவே கண்ணாடி மோட்டாரின் இழுவையில் வழுக்கித் திறக்கவும் வேண்டும். பூட்டுப் போட்ட மாதிரி இறுக்கினால் மோட்டார் திணறும், ரப்பர் சீக்கிரம் கிழியும். ஆகவே, ‘கொஞ்சம் வரட்டும், வந்ததை வெளியேற்றுவோம்’ என்பது யோசித்து எடுத்த முடிவு.

மழையின் கணக்கு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் நகராமல் நின்று கொட்டியதில், விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி நீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணை கரை மீறித் திருக்கோவிலூரையும் எதிர்க்கரை அரகண்டநல்லூரையும் சூழ்ந்தது. ஆற்று வெள்ளத்தில் மூழ்கிய காரின் கதை வேறு. மேட்டில் பத்திரமாக நின்ற காரை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் கண்ணாடிக் கூரை இருந்தால், 50 சென்டிமீட்டர் மழை அதன் தலையில் கொட்டும் நீர் 500 லிட்டர்.

புயல் இல்லாத நாளிலும், மணிக்கு 60 மில்லிமீட்டர் வீதம் அரை மணி நேரம் அடிக்கும் கோடை இடிமழை நமக்குப் புதிதல்ல. அது ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு பீடிங்கைத் தாண்டுகிறது என்று வைத்துக்கொண்டால், வாய்க்காலில் சேர்வது நிமிடத்துக்கு 100 மில்லி. வாய்க்கால் மூன்றரை மீட்டர் நீளம், இரண்டு சென்டிமீட்டர் அகலம், ஒரு சென்டிமீட்டர் ஆழம் என்றால் அதன் கொள்ளளவு 700 மில்லி. நான்கு துளையும் அடைத்திருந்தால் ஏழு நிமிடத்தில் நிரம்பிவிடும். எட்டாவது நிமிடத்திலிருந்து ரூஃப் லைனிங் நனையத் தொடங்கும். துளைகள் திறந்திருந்தால் இந்த 100 மில்லி ஒரு பொருட்டே இல்லை.

பிரேக் போடும்போது மட்டும் தண்ணீர் கொட்டுவதற்கும் கணக்கு உண்டு. நொடிக்கு நொடி 3 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால், நீரின் மேற்பரப்பு சுமார் 17 டிகிரி சாய முயலும். அந்தச் சாய்வில் ஒரு மீட்டர் நீளத்துக்கு முன்பக்க மட்டம் பின்பக்கத்தை விட 30 சென்டிமீட்டர் உயர வேண்டும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கரை அதற்கு எந்த மூலைக்கு? வாய்க்காலில் தேங்கியது அத்தனையும் முன்னால் பாய்ந்து, லைட் பொருத்திய ஓட்டை வழியாக இறங்கும். மழை நின்று வெகுநேரம் கழித்துக் கார் எடுக்கும்போது தலையில் விழுந்தால், உள்ளே நீர் வடியாமல் தேங்கி நிற்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

புளிய இலையும் கரும்புச் சோகையும்

அடைப்பு மழைக்காலத்தில் உருவாவதில்லை. கோடையில் சேர்ந்து மழைக்காலத்தில் வெளிப்படுகிறது. நிழலுக்காகக் காரைச் சாலையோரப் புளியமரத்தடியில் விடுகிறோம். புளிய இலையின் சிற்றிலை ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம், அரை சென்டிமீட்டர் அகலம். குழாயின் வாய்க்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். சித்திரையில் வேப்பம்பூ கொட்டும். பெரியசெவலை, மூங்கில்துறைப்பட்டு ஆலைகளுக்குக் கரும்பு வெட்டும் பருவத்தில், வயலில் கொளுத்திய சோகையின் கரி காற்றில் மிதந்து வரும். அரகண்டநல்லூர் நெல் மண்டிப் பக்கம் போனால் உமித் தூசி. இவை எல்லாம் வாய்க்காலில் படிந்து, பனி ஈரத்தில் குழைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி குழைந்து, கடைசியில் சாணி மெழுகிய மாதிரி ஒரு பொருக்காக மூலைத் துளையை மூடும்.

குழாயின் அடிமுனைக்கு வேறு எதிரி. பூச்சியும் தூசியும் ஏறாமல் இருக்கப் பல கார்களில் அந்த முனையில் இரண்டு உதடுகள் ஒட்டிய மாதிரி ஒரு ரப்பர் மூடி வைத்திருப்பார்கள். மேலிருந்து நீர் வந்தால் உதடு விரியும். சேற்றுச் சாலையில் ஓடிய கார் காய்ந்தால், சேறு அந்த உதடுகளை ஒட்டிவிடும்.

மேலே அடைத்தால் ஒன்று, கீழே அடைத்தால் வேறு

பாரிஸ் மருத்துவர் ழான் புவாசேய் 1840களில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீர் ஓடுவதை அளந்துகொண்டிருந்தார். அவருக்கு வேண்டியிருந்தது ரத்த ஓட்டத்தின் கணக்கு. ஜெர்மானியப் பொறியாளர் ஹாகன் 1839-லேயே இதே முடிவுக்குத் தனியாக வந்திருந்தார். அந்த முடிவு இதுதான்: சுழிப்பில்லாமல் நிதானமாக ஓடும் நீரின் அளவு, குழாய் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடும். குழாய்ச் சுவரில் படியும் மெல்லிய படலமே வடிகாலை முடக்கப் போதும் என்பது இதனால்தான்.

அடைப்பு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மேலே துளை வாயில் பொருக்குப் படிந்து, நடுவே ஒரு மில்லிமீட்டர் ஓட்டை மட்டும் மிஞ்சியிருக்கிறது என்போம். அதன் அடிப்பக்கம் உலர்ந்திருந்தால், நீரின் பரப்பு இழுவிசை அந்த ஓட்டையில் ஒரு தோல் போல நின்று தடுக்கும். அதை உடைத்துச் சொட்ட வைக்கச் சுமார் 3 சென்டிமீட்டர் ஆழ நீரின் எடை வேண்டும். வாய்க்காலின் ஆழமோ அதில் பாதிகூட இல்லை. ஓட்டை இருந்தும் நீர் இறங்காது.

அடிமுனையில் அடைத்தால் கதை வேறு. குழாய் முழுக்க நீர் நிரம்பி, ஒரு மீட்டர் உயரத் தம்பமாக நிற்கும். அது தரும் அழுத்தம் சுமார் 1.4 பி.எஸ்.ஐ. டயர்க் காற்றோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆனால் குழாயின் இணைப்புகள் பல கார்களில் வெறுமனே செருகி வைத்தவை. தளர்ந்த இணைப்பு இருந்தால் அங்கே கசிந்து, தூணுக்குள் இறங்கி, டேஷ்போர்டுக்கு அடியில் ஃபியூஸ் பாக்ஸ் இருக்கும் பக்கமாகவே போய்ச் சேரலாம். அப்போது கூரையில் ஒரு கறைகூட இருக்காது. கால் வைக்கும் இடம் மட்டும் சொதசொதவென்று இருக்கும்.

எல்லா ஈரமும் சன்ரூஃப் ஈரம் அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வெயில் நாளில், ஏசி போட்டு ஓட்டிய பிறகு முன்பக்கத் தரைவிரிப்பு நனைந்தால், அது ஏசியில் குளிர்ந்து சேரும் நீர் போகும் குழாயின் அடைப்பு. கதவோரம் மட்டும் நனைந்தால் கதவின் உட்பக்கப் பிளாஸ்டிக் தாளைச் சந்தேகிக்கலாம். மழைக்குப் பிறகோ, கார் கழுவிய பிறகோ மட்டும் நனைந்தால்தான் மேலே பார்க்க வேண்டும்.

சிரிஞ்சும் நைலான் நரம்பும்

காரைச் சமதரையில் நிறுத்துங்கள். கண்ணாடியை முழுக்கத் திறந்து, முன்பக்க மூலைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். பின்பக்கத் துளைகள் சில கார்களில் எளிதில் கண்ணுக்குப் படாது. முதல் வேலை துடைப்பது. ஈரத் துணியால் வாய்க்காலில் உள்ள குப்பையைத் துளையை விட்டு எதிர்ப்பக்கமாக வழித்து எடுக்க வேண்டும். துளையை நோக்கித் தள்ளினால் அடைப்பை நாமே முடித்துவைப்போம்.

அடுத்து மருந்துக் கடையில் ஊசி இல்லாமல் ஒரு 50 மில்லி சிரிஞ்ச். ஒரு மூலைத் துளையில் மெதுவாக நீரைச் செலுத்துங்கள். நீர் மறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். உள்விட்டம் 8 மில்லிமீட்டர், நீளம் ஒன்றரை மீட்டர் உள்ள குழாயின் வயிற்றுக்குள்ளேயே 75 மில்லி அடங்கும். அடிமுனை அடைத்த குழாயும் முதல் சிரிஞ்சை மறுப்பில்லாமல் குடிக்கும், இரண்டாவதில்தான் எதுக்களிக்கும். ஆகவே இன்னொருவரைக் கீழே உட்கார வைத்து, அந்த மூலைக்கு நேரான சக்கரத்தின் அருகே நீர் சொட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நல்ல குழாயில் சில நொடிகளில் கீழே ஒழுகும், கடைசியில் தெளிவாக வரும். கலங்கலாக, விட்டுவிட்டு வந்தால் பாதி அடைப்பு. வரவே இல்லையென்றால் முழு அடைப்பு. நான்கு மூலைக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

அடைப்பு எடுக்கப் புல்வெட்டும் மிஷினில் போடும் 2 மில்லிமீட்டர் நைலான் நரம்பு போதும். உரக்கடை, ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். முனையைத் தீக்குச்சியால் லேசாக உருக்கி உருண்டையாக்கிக்கொள்ளுங்கள். வெட்டிய முனை கத்தி மாதிரி குழாயைக் கிழிக்கும். மேலிருந்து விட்டு, விரல்களுக்கு நடுவே உருட்டியபடி இறக்குங்கள். ஓர் இடத்தில் நின்றால் அழுத்தாமல், கொஞ்சம் பின்னிழுத்து மறுபடி உருட்டுங்கள். வளைவாக இருந்தால் தாண்டிப் போகும். அடைப்பாக இருந்தால் மெத்தென்று தட்டும். அடிமுனை கைக்கு எட்டினால், அந்த ரப்பர் உதடுகளை விரலால் நசுக்கித் திறந்துவிடுங்கள். காய்ந்த சேறு பொருக்காக உதிரும், அதன் பின்னால் தேங்கியிருந்த பழுப்பு நீர் ஊற்றும். பல நேரம் மொத்த வைத்தியமும் அந்த ஒரு நசுக்கலில் முடிந்துவிடும்.

செய்யக் கூடாதவை மூன்று. பஞ்சர் கடைக் காற்றை மேலிருந்து அடிக்கக் கூடாது. அந்த கம்ப்ரெஸர் தொட்டியில் 100 பி.எஸ்.ஐ. இருக்கலாம், நீர்த்தம்பத்தின் 1.4-ஐத் தாங்கச் செருகிய இணைப்பு அதில் கழன்று ரூஃப் லைனிங்குக்கு மேலே தொங்கும். பிறகு கூரை முழுவதையும் பிரித்தால்தான் வேலை நடக்கும். இரண்டாவது, இரும்புக் கம்பி. மூன்றாவது, தூணின் உறையை நாமே நெம்பிக் கழற்றுவது. பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள கார்களில் அது கூரை ஓரமாகவும் தூணின் உச்சியிலும்தான் மடிந்திருக்கும். நரம்பு இறங்கவில்லை, அல்லது நீர் இறங்கியும் உள்ளேதான் வருகிறது என்றால், குழாய் கழன்றிருக்கலாம். அது ஒர்க்‌ஷாப் வேலை.

பீடிங்கின் வேதியியல்

கடைசியில் மெக்கானிக் குற்றம் சாட்டிய பீடிங்குக்கு வருவோம். அது பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். மரத்துப் பாலில் கிடைக்கும் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலி நெடுக இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள ஓசோன் அங்கேதான் கத்தரிக்கும். ஈபிடிஎம்மின் முதுகுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லை, இருப்பவை பக்கவாட்டில்தான். எனவே வெயிலையும் ஓசோனையும் வருடக்கணக்கில் தாங்கும். இந்த வகை ரப்பருக்கு வழி திறந்த வினையூக்கிகளுக்காகவே கார்ல் சீக்லருக்கும் ஜூலியோ நாட்டாவுக்கும் 1963-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

இந்த ரப்பரின் பலவீனம் எண்ணெய். ஈபிடிஎம்மும் ஒரு ஹைட்ரோகார்பன், பெட்ரோலிய எண்ணெயும் ஹைட்ரோகார்பன்; இனம் இனத்தோடு சேர்ந்து ரப்பர் உப்பிப்போகும். பேரிங்குக்குப் போடும் கிரீஸைப் பீடிங்கில் தடவினால் இரண்டு நாள் பளபளக்கும், பிறகு அலையலையாக நெளியும். தேங்காயெண்ணெயும் வேண்டாம், தூசியை இழுத்து ஒட்டவைக்கும்.

தூசிதான் இங்கே உண்மையான வில்லன். சுத்தமான ரப்பரில் நீர் ஒட்டாமல் முத்துமுத்தாக நிற்கும். மேலே மண் படிந்தால் நீர் பரவி ஒட்டும். நீர் நன்றாக ஒட்டும் இரண்டு பரப்புகளுக்கு நடுவே அரை மில்லிமீட்டர் சந்து இருந்தால், நுண்புழை ஈர்ப்பால் நீர் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் தானாகவே மேலேறும். ஒட்டாத பரப்பென்றால் அதே சந்து நீரை வெளியே தள்ளும். எனவே பீடிங்கை மாற்றச் சொல்வதற்கு முன், கொஞ்சம் ஷாம்பு கலந்த நீரில் நனைத்த துணியால் அதன் மடிப்புகளைத் துடைத்து, காயவிட்டு, சிலிக்கான் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவிப் பாருங்கள். கிழிந்தோ, தட்டையாகி மீளாமலோ இருந்தால் மட்டும் மாற்றினால் போதும்.

சிலர் கண்ணாடியைச் சுற்றிச் சிலிக்கான் சீலன்ட் பூசி ஒரேயடியாக ஒட்டிவிடுகிறார்கள். அதோடு சன்ரூஃப் திறக்காது. புளித்த காடி வாசனை வரும் வகையாக இருந்தால், உலரும்போது அது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் தகட்டில் துருவைக் கிளப்பும். ஓரத்தில் ஒரு மயிரிழை விட்டுப்போனாலும் நீர் நுழையும். தூம்புகள் அடைத்தபடியேதான் இருக்கும்.

ஒழுகல் நின்ற பிறகும் ஒரு வேலை பாக்கி. தரைவிரிப்புக்கு அடியில் உள்ள கனமான பஞ்சு குடித்த நீர், மேலே கை வைத்தால் தெரியாது. கால்மிதியை எடுத்துவிட்டு விரிப்பின் ஓரத்தைத் தூக்கி அழுத்திப் பாருங்கள். ஈரம் இருந்தால் தூக்கி முட்டுக் கொடுத்து, ஃபேன் காற்று அடியில் போகும்படி சில நாள் உலர்த்துங்கள். இல்லாவிட்டால் பூஞ்சை வாசனை போகாது, அடித்தகடும் துருப்பிடிக்கும்.

வடகிழக்குப் பருவமழை நமக்கு அக்டோபரில் தொடங்குகிறது. புரட்டாசியில் ஒருநாள் நான்கு மூலைக்கும் இரண்டிரண்டு சிரிஞ்ச் நீர், சித்திரையில் வேப்பம்பூ கொட்டி ஓய்ந்ததும் மறுபடி ஒருமுறை. வழக்கமாகப் புளியமரத்தடியில் நிற்கிற காராக இருந்தால் நடுவில் இன்னொரு தடவை துடைத்துவிடலாம். மெக்கானிக் பீடிங் மாற்ற வேண்டும் என்றால், முதலில் நான்கு குழாயிலும் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். நான்கிலும் கீழே தெளிவாக ஒழுகினால் அவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஒன்றில் ஒழுகாவிட்டால் அவர் விலை சொல்லும் பொருளை வாங்கத் தேவையில்லை.